ஓட்டைகளோடு ஒரு படம்

போரினால் கணவரை, பிள்ளைகளை, வீட்டை இழந்த பெண்களின் சஞ்சிகையில் சினிமாவைப் பற்றி எழுதுவதா என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். எம்மைப் போன்றோர் சினிமா பார்த்துச் சிரித்தாலே முகம் சுளிப்பவர்கள் ஊரில் உண்டு. "புருசன காணலனு எழுதிக் குடுத்துட்டு இங்க உக்காந்து படம் பாக்குறா" என்று என் சித்தியின் காதுபடவே ஒருவர் சொல்லியிருக்கின்றார். சித்தி அதற்குப் பதில் சொல்லவில்லை. படத்தை முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். துக்கம் உள்ளவருக்கும் மூன்று மணித்தியாலம் வேறோர் உலகத்தில் இருந்துவிட்டு வர உரிமை உண்டு. ஆகவே இம்முறை ஒரு படத்தைப் பற்றியே எழுதுகின்றேன்.

அந்தப் படம் 'கல்கி 2898 ஏடி'. 2024 ஜூன் 27 அன்று வெளியானது. தெலுங்கில் எடுக்கப்பட்டாலும் தமிழிலும் வந்தது. இயக்குநர் நாக் அஸ்வின். பிரபாஸ், அமிதாப் பச்சன், தீபிகா படுகோன், கமல்ஹாசன், ஷோபனா ஆகியோர் நடித்துள்ளனர். இசை எங்கள் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த சந்தோஷ் நாராயணன். இதை விஞ்ஞானப் புனைகதைப் படம் என்பார்கள். அதிலும், வரப்போகும் காலம் நன்றாக இருக்காது, உலகம் கெட்டு ஒரு சிலரின் கையில் சிக்கிவிடும் என்று கற்பனை செய்யும் வகை இது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். குருக்ஷேத்திரப் போர் முடிகிறது. உத்தரையின் வயிற்றில் இருந்த கருவைக் கொல்ல அஸ்வத்தாமன் அஸ்திரம் ஏவுகின்றான். சாகவும் முடியாமல் காலமெல்லாம் அலையும்படி கிருஷ்ணர் அவனைச் சபிக்கின்றார். பின்னொரு காலத்தில் ஒரு தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் காப்பதே அவனுக்குப் பாவ மன்னிப்பு என்றாகின்றது. அங்கிருந்து கதை ஆறாயிரம் ஆண்டுகள் தாண்டி 2898க்கு வருகிறது. உலகத்தில் எஞ்சியிருப்பது காசி என்ற ஒரே நகரம். கங்கை வற்றிக் கிடக்கிறது. நகரத்துக்கு மேலே, தலைகீழாக நிற்கும் கூர்ங்கோபுரம் போல ஒரு பெரிய கட்டடம் ஆகாயத்தில் மிதக்கிறது. அதன் பெயர் கொம்ப்ளெக்ஸ். தண்ணீர், பச்சை மரம், பழம் எல்லாம் மேலே. கீழே புழுதி. மேலே போய் வாழப் பத்து இலட்சம் 'யூனிட்' சேர்க்க வேண்டும். பிரபாஸ் நடிக்கும் பைரவனுக்கு அந்த ஆசைதான். அவனோ வாடகையும் கொடுக்க முடியாத கடன்காரன்.

மேலே ஆட்சி செய்பவன் சுப்ரீம் யாஸ்கின். கமல்ஹாசன் நடித்திருக்கின்றார். அவன் உயிர் வாழப் பெண்களின் உடல் தேவைப்படுகிறது. கருத்தரிக்கக்கூடிய பெண்களைப் பிடித்துச் சென்று, அடைத்து வைத்து, கருத்தரிக்கச் செய்து, கருவிலிருந்து ஒரு சாற்றை எடுக்கின்றனர். அப்பெண்களுக்குப் பெயர் கிடையாது. நம்பர்தான். தீபிகா நடிக்கும் பெண்ணை 'சம்-80' என்று கூப்பிடுகின்றார்கள். மற்றவர்களுக்குத் தங்காத கரு அவளுக்கு ஐந்து மாதம் வரை தங்கிவிடுகிறது. அதை மறைத்து வைத்திருந்தவள் பிடிபட்டு, நெருப்பின் நடுவே நடந்து தப்பிக்கின்றாள். அவளுக்குச் சுமதி என்ற பெயர் பிறகுதான் கிடைக்கிறது. அகதிகள் ஒளிந்து வாழும் ஷம்பாலா என்ற இடத்துக்கு அவளைக் கொண்டு சேர்ப்பதுதான் மிகுதிக் கதை. அஸ்வத்தாமனாக வரும் அமிதாப் பச்சனுக்கு, படம் வெளிவந்தபோது வயது 81.

நான் கந்தப்பளையில் ஒரு முன்பள்ளியில் கற்பிப்பவள். எங்கள் லயத்தில் பெரிய தொலைக்காட்சி உள்ள வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தப் படத்தை ஏழு பெண்களாகப் பார்த்தோம். வெளியே வழக்கமான மூடுபனியும் தூறலும். இஸ்தோப்பில் ஈரச் சாக்குகள் தொங்கின. ஒருவர் கடலை அவித்துக்கொண்டு வந்திருந்தார். இடையில் ஒருமுறை மின்சாரம் போய் அரை மணித்தியாலம் கழித்து வந்தது. அந்த அரை மணித்தியாலமும் கதையில் உள்ள ஓட்டைகளைப் பற்றியே பேச்சு.

முதலில் தொடங்கியவர் பக்கத்து வீட்டு அக்கா. இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிப்பவர். "ஏன் டீச்சர், தண்ணியே இல்ல, மரஞ்செடி இல்ல. அப்ப இத்தன சனம் என்னாத்த திங்குது? யாரு வெள்ளாம பண்றா?" என்றார். படம் அதற்குத் தெளிவான பதில் சொல்வதாகத் தெரியவில்லை. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு விளையும் ஊர்க்காரிக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்திருந்த ஒரு தங்கை, "அந்தக் கட்டடம் எந்தக் கயித்துல தொங்குது? கரண்டு போனா கீழ விழாதா?" என்று கேட்டாள். மின்சாரம் போயிருந்த நேரம் என்பதால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் பைரவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்றாள் இன்னொருத்தி. ஆறாயிரம் வருடம் கழித்தும் ஆட்கள் இன்றைய பையன்களைப் போலவே பகிடி விடுகின்றார்களே என்றேன் நான். முதல் பாதியில் பைரவனின் சண்டைகள் இழுபடுவதும் உண்மை. மூன்று மணித்தியாலம் பார்த்த பிறகு, மீதி அடுத்த பாகத்தில் என்று முடித்துவிடுகின்றார்கள். அதற்கும் திட்டு விழுந்தது.

இவை எல்லாம் நிஜமான ஓட்டைகள். அவற்றைச் சுட்டிக் காட்டுவதிலும் ஒரு சந்தோசம் இருந்தது. ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு பெரிய படத்தைக் கேள்வி கேட்கிறோம், யாரும் எங்களை வாய் மூடச் சொல்லவில்லை. அத்துடன், அப்படிச் சிரித்ததால் எவருக்கும் படத்தின் மேல் இருந்த பிடிப்புக் குறையவில்லை. மின்சாரம் வந்ததும் எல்லோரும் முன்னே நகர்ந்து உட்கார்ந்தோம்.

ஆனால் அன்று வேறு சில ஓட்டைகளும் பேச்சில் வந்தன. எங்களில் ஒருவர் ஓட்டை என்றதை இன்னொருவர் ஓட்டையில்லை என்று மறுத்தார். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது அதனால்தான்.

அந்தத் தங்கை, "சாப்பாட்டுக்கே வழியில்லாத உலகத்துல துப்பாக்கிக்கு மட்டும் தோட்டா எங்கேருந்து வருது? சுட்டுக்கிட்டே இருக்காங்க" என்று கேட்டாள். நியாயமான கேள்வி என்றே நானும் நினைத்தேன். அதுவரை பேசாமல் கடலை உரித்துக்கொண்டிருந்த சித்தி சொன்னார்:

"அது பிழையில்ல புள்ள. சோறு வராத நாள்லயும் அது மட்டும் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு."

சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பின்னர் மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் பாதுகாப்புத் தேடி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போயின. அம்மாவின் தங்கையான சித்தியும் அப்போது பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனோடு போனவர். அங்கே காடு வெட்டி, கச்சான் நட்டு, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று வாழ்ந்தார். தேயிலையை விட்டுப் போனவர்களை யுத்தம் அங்கே பிடித்துக்கொண்டது. 2009இல் எல்லாவற்றையும் இழந்து வெளியே வந்தார். செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்துவிட்டு, 2011இல் ஒரு மகளோடு கந்தப்பளைக்குத் திரும்பினார். சித்தப்பாவைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. சித்தியின் பேச்சில் இப்போதும் தோட்டமும் வன்னியும் கலந்தே இருக்கும்.

அடுத்த ஓட்டை வயிற்றைப் பற்றியது. "இத்தன மிசின் இருக்குற எடத்துல, அஞ்சு மாச வயித்த ஒருத்தி எப்புடி மறைப்பா? இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?" என்று மூன்று பிள்ளை பெற்ற ஒருவர் கேட்டார். அவருக்கு எங்கள் லயத்து அம்மாயி பதில் சொன்னார். அம்மாயிக்கு எழுபத்தெட்டு வயது. "நான் மறைச்சேன்டி. படங்க இடுப்புல சுத்திக் கட்டுனா யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா லேசு வேலைக்கு மாத்திருவாங்க, பேரு கொறைஞ்சிரும். ஏழு மாசம் வரைக்கும் கணக்கப்புள்ளைக்குத் தெரியாது." கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றும் அந்தத் தடித்த படங்குக்கு இப்படி ஒரு பயனும் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். பெரிய இயந்திரங்கள் வைத்திருப்பவன் எல்லாவற்றையும் பார்ப்பான் என்று நினைக்கின்றோம். ஆனால் கீழே இருக்கும் பெண்ணின் உடலை அவன் நிறுவைக்கு மட்டுமே பார்க்கின்றான். அவளுடைய முகத்தில் என்ன மாற்றம் என்று பார்ப்பதில்லை. அவள் மறைப்பதற்கு அந்த இடைவெளி போதும்.

பெயருக்குப் பதில் நம்பர் என்பதை எவரும் ஓட்டை என்று சொல்லவேயில்லை. தோட்டத்துச் செக்ரோலில் நம்பர் இருந்தது. மெனிக் பாமில் ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று பெரிய மனிதரின் பெயர்கள் முகாம்களுக்கு இருந்தன. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அங்கே இருந்தது. 2012 செப்டெம்பரில்தான் அது முற்றாக மூடப்பட்டது. முகாமுக்குப் பெயர் இருந்தது, உள்ளே இருந்தவர்களுக்குக் கூடார இலக்கம் இருந்தது என்று சித்தி சொல்வார். தீபிகாவை முதன்முதலாக ஒருவர் சுமதி என்று அழைத்தபோது சித்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அந்தக் காட்சி படத்தில் மிகச் சிறியது.

படத்தில் ராயா என்று ஒரு சிறுமி வருகிறாள். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால் ஆண்பிள்ளை வேடத்தில் திரிகின்றாள். தலைமயிரை வெட்டிச் சட்டை போட்டால் எல்லோரும் நம்பிவிடுவார்களா என்று நாம் கேட்கலாம். பிள்ளை பிடிக்கும் காலத்தில் மகளை மண்ணுக்குள் ஒளித்து வைத்த தாய்மாரும், பதினாறு வயதில் அவசரமாகத் தாலி கட்ட வைத்த தாய்மாரும் இதை வாசிப்போரில் இருக்கின்றீர்கள். அந்த ஒளிப்புகளையும் வெளியாள் ஒருவர் கேட்டால், இதெல்லாம் எப்படி நடக்கும் என்றுதான் கேட்பார்.

ஆகவே ஒரு கதையில் ஓட்டை தெரிகிறது என்றால், அது கதையில் உள்ள ஓட்டையா அல்லது பார்ப்பவர் நிற்கும் இடத்தினால் தெரியும் ஓட்டையா என்று பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது. இதற்கு உலக சினிமாவிலேயே ஒரு பழைய சம்பவம் உண்டு.

1927 ஜனவரியில் ஜேர்மனியின் பேர்லின் நகரில் 'மெட்ரோபொலிஸ்' என்ற பேச்சில்லாப் படம் வெளியானது. இயக்கியவர் பிரிட்ஸ் லாங். திரைக்கதை எழுதியவர் தியா வொன் ஹார்பு என்ற பெண்மணி. கெட்டுப்போன எதிர்காலத்தைக் காட்டும் படங்களுக்கெல்லாம் பாட்டி என்று இதைச் சொல்லலாம். அதிலும் மேலே வானுயர்ந்த மாளிகைகள், பூந்தோட்டங்கள், பணக்கார வீட்டுப் பிள்ளைகள். நிலத்துக்கு அடியில் தொழிலாளர் குடியிருப்பு. அவர்கள் இயந்திரங்களோடு மல்லுக்கட்டி முறை மாறி மாறி உழைக்கின்றார்கள். நிலத்தடி நகரத்தில் வெள்ளம் ஏறும்போது அங்குள்ள பிள்ளைகளைக் காப்பாற்ற மரியா என்ற பெண் ஓடுகின்றாள்.

அந்த வருடமே, விஞ்ஞானக் கதைகளுக்குப் பேர்போன ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இந்தப் படத்தைக் கிழித்து எழுதினார். இதைவிட மடத்தனமான படத்தைத் தாம் பார்த்ததில்லை என்பது அவருடைய கருத்து. அவர் கண்ட பெரிய ஓட்டை என்ன தெரியுமா? இயந்திரம் வளர்ந்த உலகத்தில் இப்படி உடம்பு முறிய உழைக்கும் கூட்டம் தேவையே இல்லை, இயந்திரங்கள்தான் அந்த வேலையைச் செய்யுமே, அத்துடன் செய்த பொருளை வாங்க ஆள் வேண்டும் என்றால் தொழிலாளியின் கையில் காசு இருக்க வேண்டுமே என்பது அவரது வாதம். கணக்காகப் பார்த்தால் சரியான வாதம்தான்.

அதைக் கந்தப்பளையில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழுந்தை உருட்டவும் காய வைக்கவும் சலிக்கவும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்து நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. வெல்ஸ் அந்த விமர்சனத்தை எழுதிய காலத்தில் எங்கள் மலையில் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் தொழிற்சாலை வாசல்வரை கொழுந்து வந்தது பெண்களின் முதுகில். இன்று சில இடங்களில் கத்தரியும் சிறு இயந்திரமும் வந்திருந்தாலும், கொழுந்து பறிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் விரலில்தான் நடக்கிறது. மேலே துரை பங்களா, கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அருகில் உள்ள ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் பெரிய ஹோட்டலாகிவிட்டது. வெளிநாட்டுக்காரர் வந்து பழைய இயந்திரங்களைப் பார்த்து வியந்து போகின்றார்கள். எங்கள் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலையும் கிடைத்துள்ளது. இயந்திரம் ஓய்வு எடுத்துக்கொண்டது, கூடை இன்னும் இறங்கவில்லை. ஆக, இலண்டனில் இருந்து பார்த்தவருக்கு ஓட்டையாகத் தெரிந்தது, ஆறாயிரம் அடி உயரத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. மனித உடம்பு இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைக்கும்வரை இயந்திரம் வராது. கல்கி படத்தில் பறக்கும் நகரம் கட்டத் தெரிந்தவனுக்கு எதற்குப் பெண்ணின் கரு என்று கேட்டால், அதற்கும் இதே பதிலைத்தான் சொல்லலாம்.

மெட்ரோபொலிஸ் படத்தின் கதை இதோடு முடியவில்லை. வெளியானதன் பின்னர் வியாபாரத்துக்காக அதை வெட்டிக் குறைத்தார்கள். வெட்டியவை தொலைந்தன. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு காணாமற் போய்விட்டது. பல பத்து வருடங்களாக உலகம் அந்தப் படத்தை நிஜமான ஓட்டைகளோடுதான் பார்த்தது. ஏன் இவர் கோபப்படுகின்றார், இவர் யார், இடையில் என்ன நடந்தது என்று பல இடங்களில் விளங்காது. அப்படி இருந்தும் 2001இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. பிறகு 2008இல் ஆர்ஜன்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் ஒரு சினிமா நூதனசாலையில் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. தொலைந்த காட்சிகளில் பெரும்பகுதி அதில் இருந்தது. மழை பெய்வது போலக் கீறல் விழுந்த துண்டுகள். அவற்றை அப்படியே சேர்த்து 2010இல் திரும்பத் திரையிட்டார்கள். கீறலை மறைக்க முடியவில்லை. யாரும் அதைக் குறை சொல்லவில்லை. இன்னும் ஒரு சில துண்டுகள் கிடைக்கவேயில்லை. துண்டு தொலைந்தது என்பதற்காக அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை என்று எவராவது சொல்வார்களா?

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு படத்துக்கு இத்தனை பொறுமை காட்டும் உலகம், ஒரு பெண்ணின் கதைக்கு அந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை.

2010இலிருந்து ஆணைக்குழு என்றும் அலுவலகம் என்றும் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் காணாமற் போனவர்களின் உறவினர் தங்கள் கதையைச் சொல்லிவிட்டனர். சித்தியும் சொன்னார். ஓர் இடத்தில் பழைய விண்ணப்பத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவர், "அம்மா, அதில் ஏப்ரல் என்று இருக்கிறது, இதில் மே என்கின்றீர்கள். எது உண்மை?" என்று கேட்டார். சித்திக்குப் பதில் வரவில்லை. அவரிடம் அப்போது கலண்டர் இருக்கவில்லை. நிலாவையும் மழையையும் மகளின் காய்ச்சலையும் வைத்துத்தான் நாளை எண்ணினார். கஞ்சி வாங்கப் போன சித்தப்பா திரும்பவில்லை. அவர் கையில் இருந்தது நீல மூடி போட்ட வாளி. மூடியில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. எந்த வருடம் எத்தனையாவது தடவை கேட்டாலும் சித்தி சொல்லும் வாளி அதேதான். அதைப் பற்றி அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை.

பெரும் பயத்தின் நடுவில் மனம் நாளையும் நேரத்தையும் வரிசையாகப் பதிவதில்லை என்றும், ஒரு சத்தம், ஒரு மணம், ஒரு பொருளின் நிறம் என்று சிலதை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும் என்றும் உளவளத்துணையாளர்கள் சொல்வார்கள். எம்மில் பலருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறை "முன்னுக்குப் பின் முரண்" என்று எழுதிவிட்டால், அதன்பின் பல பெண்கள் வாய் திறப்பதில்லை. தமது கதையில் ஓட்டை இருக்கின்றது என்று தாமே நம்பத் தொடங்கிவிடுகின்றனர். சித்தியும் மூன்று வருடம் எங்கும் போகாமல் இருந்தார்.

அதற்காக எல்லா ஓட்டையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் கேட்க வேண்டிய ஓட்டைகளும் உண்டு. சிறுகடன் தருகின்றோம் என்று வீட்டுக்கு வருபவர் சொல்லும் கதையில் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகின்றேன் என்பவரின் கதையில், போய்ச் சேரும் வீட்டின் முகவரி ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். தேர்தல் காலத்தில் மேடையில் கட்டி முடிக்கப்படும் வீடுகளுக்குக் காணி உறுதி எங்கே என்று கேட்க வேண்டும். "இத்தன சனம் என்னாத்த திங்குது?" என்று பக்கத்து வீட்டு அக்கா படத்தைக் கேட்டாரே, அதே வாயால் இவற்றையும் கேட்கலாம். அதிகாரமும் பணமும் உள்ளவர் சொல்லும் கதையில் ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் நம்மை விழுத்துவதற்கான குழி. அடிபட்டவர் சொல்லும் கதையில் ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் அடிபட்ட இடம்.

கல்கி படத்துக்குத் திரும்புவோம். அதில் பைரவனின் சண்டையை நான் மறந்துவிட்டேன். மிதக்கும் கட்டடம் எப்படி மிதக்கிறது என்பது இன்னும் விளங்கவில்லை. ஆனால் ஷம்பாலாவுக்குள் சுமதி நுழையும்போது அங்குள்ளவர்கள் அவளை வரவேற்கும் விதமும், ஷோபனாவின் முகமும் மனதில் நிற்கின்றன. ஓர் அகதிப் பெண்ணை வேறு அகதிகள் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும் காட்சி அது. ஒளித்து வைக்கப்பட்ட ஓர் இடம், உள்ளே இருப்பவர்களுக்கும் போதிய சாப்பாடு இல்லை, இருந்தும் வந்தவளுக்கு இடம் உண்டு. 2009இல் வெளியே வந்தபோது, முன்பின் தெரியாத பெண்கள் ஒரு மாற்றுச் சேலை, ஒரு பால்மாப் பெட்டி என்று நீட்டினார்களே, அதைப் பலர் இன்றும் சொல்கின்றோம். அந்த ஒரு காட்சிக்காக நான் மூன்று மணித்தியாலத்தையும் மன்னித்துவிட்டேன்.

அடுத்த பாகம் வரும்போது ஓட்டைகள் அடைபடுமா, இன்னும் பெருகுமா என்பது இருக்கட்டும். நீங்களும் உங்கள் குழுவில் நாலைந்து பேராகச் சேர்ந்து இப்படி ஒரு படத்தைப் பாருங்கள். பார்க்கும்போதே ஓட்டைகளைச் சொல்லிச் சிரியுங்கள். யாராவது ஒருவர் "அது பிழையில்ல" என்று சொன்னால் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பேசவிடுங்கள். அவரிடம் ஒரு கதை இருக்கும்.

சித்தி இந்த வருடம் மறுபடியும் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கின்றார். திகதி கேட்ட இடத்தில், "ஏப்ரல் கடைசி அல்லது மே முதல், நினைவில்லை" என்று எழுதச் சொன்னார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வரியில் நீல மூடி வாளியையும், மூடியின் உடைந்த பக்கத்தையும் எழுதச் சொன்னார். அதையும் எழுதினேன்.